ஐந்தாவது சபுரா

சென்னை
20.01.2025

அன்புத் தங்கை ஷாஹினாவுக்கு,

அண்ணன் ஹாரூன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மதினி பிர்தௌஸும் சுகம். அங்கே நீயும் மச்சான் ரபீக்கும் உன் மகள் மர்ஜானாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். செங்கல் என்று பயந்துவிடாதே, என் நாவல்தான். ஒன்பது வருஷ வேலை. பெயர் ‘நான்கு சபுராக்கள்’, ஆயிரத்து நாற்பது பக்கம். புத்தகக் கண்காட்சியில் ஒருவர் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு பஸ்ல தனி டிக்கெட் எடுக்கணுமே சார்” என்றார்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். சபுரா என்று ஒரு பெண். நிக்காஹ் நாளன்று அவளிடம் சம்மதம் கேட்க அண்ணன்காரன் அறைக்குள் வருகிறான். அதுவரை அவளுக்கு ஒரே வாழ்க்கை. அந்த நிமிஷத்தில் அவள் சொல்லும் பதிலைப் பொறுத்து அது நான்காகப் பிரிகிறது. நான்கு வாழ்க்கையையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

போனில் எதுவும் சொல்லாதே. ஷார்ஜாவில் நான் கிடந்த பதினான்கு வருஷமும் உன் கடிதங்களைப் படித்துத்தான் நான் எழுதக் கற்றேன். படித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுது.

வஸ்ஸலாம்.
ஹாரூன்


கோவில்பட்டி
02.02.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஷாஹினாவின் ஸலாம். உன் துஆவால் எல்லாரும் நல்லா இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்தும். மதினிக்கு ஸலாம் சொல்.

புத்தகம் வந்தது. பக்கத்துக் கடலைமிட்டாய்க் கடை சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி அதைத் தராசில் வைத்துப் பார்த்து, “ஒண்ணேகால் கிலோ தாயி, ஒங்க அண்ணன் நெறுவையில கொறை வைக்கல” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அட்டையில் உன் பெயரைப் பார்த்ததும் நம் துணிக்கடையில் இருந்த எல்லாரிடமும் காட்டினேன். நைட்டி வாங்க வந்த ஒரு அம்மாவிடம்கூடக் காட்டிவிட்டேன்.

உளுந்து அறுப்பு முடிந்ததால் கிராமத்து ஆட்கள் துணி எடுக்க வருகிறார்கள். ஆனால் மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை ஈ காக்கா கிடையாது. உன் மச்சான் சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவார். நான் கல்லாவில் உட்கார்ந்து படிக்கிறேன்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு அத்தியாயத்தில் சபுராவுக்கு மூணு பிள்ளை, அடுத்ததில் கல்யாணமே ஆகவில்லை. புதியம்புத்தூர் தையல் யூனிட்டிலிருந்து வந்த பண்டலில் நாலு கலர் நாடா கிடந்தது. அதை எடுத்து நாலு பேருக்கும் வைத்துவிட்டேன். சிவப்பு, சந்தோஷமாகச் சம்மதம் சொன்னவள். மஞ்சள், வாயே திறக்காதவள். நீலம், படிப்பை முடிக்க ஒரு வருஷம் தவணை கேட்டவள். பச்சை, வேண்டாம் என்று சொன்னவள்.

சபுரா நான்தானே? கல்லூரியில் கணக்குப் பாடம், ரெண்டாம் வருஷம், அம்மா இல்லாத வீடு, எல்லாம் நான்தான். சும்மா சொல்லக்கூடாது, என்னைக் கொஞ்சம் அழகாக எழுதியிருக்கிறாய்.

பச்சை நாடா பக்கம் இன்னும் போகவில்லை. பயமாக இருக்கிறது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அன்புடன்,
ஷாஹினா


சென்னை
11.02.2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், பிர்தௌஸுக்கும் படித்துக் காட்டினேன். நாடா வைத்துப் படிப்பதை நண்பர்களிடம் சொன்னேன், எல்லாரும் ரசித்தார்கள். ஒரு கூட்டத்தில் சொல்லப்போகிறேன்.

சபுரா நீ இல்லை, ஷாஹினா. உன்னிடமிருந்து சில விஷயங்களை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். எழுதுகிறவன் பத்து வீட்டில் பத்துப் பொருள் எடுத்து ஒரு வீடு கட்டுகிறான். எந்தப் பொருள் எந்த வீட்டினது என்று தேட ஆரம்பித்தால் கதை கைவிட்டுப் போய்விடும்.

பச்சையைக் கடைசியாகப் படி. அவசரம் இல்லை.

எனக்கு இரண்டு நாளாகச் சளி. மற்றபடி அல்லாஹ் உதவியால் குறையில்லை.

ஹாரூன்


கோவில்பட்டி
27.02.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். சளி குறைந்ததா? கஷாயம் வைத்துக் குடி, மாத்திரையை நம்பி இருக்காதே. ரெண்டு மூணு நாளில் நோன்பு தொடங்குகிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்னதைக் கேட்காமல் பச்சையைப் படித்துவிட்டேன்.

அதில் சபுரா ‘வேண்டாம்’ என்கிறாள். அண்ணன் போய் அத்தாவிடம் சொல்கிறான். அத்தா மேடையிலிருந்து இறங்கி, மாப்பிள்ளையின் அத்தா கையைப் பிடித்துக்கொண்டு, “எம்புள்ளைக்கு மனசு இல்ல சம்மந்தி. முன்னாலயே நான் கேட்டிருக்கணும், தப்பு எம்மேல. ஆனா வந்தவுக யாரும் சாப்பிடாமப் போகக்கூடாது” என்கிறார். பந்தி நடக்கிறது. அப்புறம் சபுரா இருக்கும் அறைக்கு வந்து அவள் தலையில் கை வைத்து, “மருதாணிய அழிச்சிராதம்மா, நல்லாருக்கு” என்கிறார்.

அந்தப் பக்கத்தில் கல்லாவில் உட்கார்ந்தபடியே அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. யார் இந்த அத்தா? இவரை எங்கே பார்த்தாய்? நம் அத்தா அப்படியா செய்தார்கள்?

நீயே சொல். 2001, மே மாதம், ஜமாஅத் மண்டபம். என் சம்மதத்தைக் கேட்டுச் சபையில் சொல்கிற வக்கீலாக நீதான் உள்ளே வந்தாய். சாட்சிக்கு வந்த செய்யது அலி மாமா வாசலோடு நின்றுவிட்டார். நான் உன் காதில் சொன்னேன், “எனக்கு வேண்டாம்ணே, நான் படிக்கணும், அத்தாட்ட சொல்லு.” நீ வெளியே போனாய். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாய். “அத்தாட்ட சொல்லிட்டேன். பேசாம கையெழுத்துப் போடச் சொல்லு, என் மானத்த வாங்க வேண்டாம்ங்காவ” என்றாய். நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் நீ இன்னொன்றும் சொன்னாய், “இதப்பத்தி அத்தாட்ட கேட்டுராத, நெஞ்சுவலிக்காரரு.”

நானும் கேட்கவில்லை. அத்தாவோடு பேசவும் இல்லை. பதினேழு வருஷம். ஜும்ஆ முடிந்து வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். மர்ஜானா கையில் டீயைக் கொடுத்தனுப்பிவிட்டு நான் அடுப்படியில் நிற்பேன். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

உன் மச்சான் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நல்ல மனுஷர். என் கோபம் எல்லாம் அத்தா மேல்தான். அப்படிப்பட்டவரை இவ்வளவு நல்லவராக எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

ஷாஹினா


சென்னை
18.03.2025

அன்புத் தங்கைக்கு,

ரமலான் முபாரக். நோன்பெல்லாம் நல்லபடியாகப் போகிறதா? இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பிர்தௌஸுக்கு ரத்தக் கொதிப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை.

புனைவில் வரும் தகப்பன் நம் தகப்பனாக இருக்க வேண்டியதில்லை. நாவலுக்கு அந்த இடத்தில் இரக்கம் உள்ள ஒரு மனுஷர் தேவைப்பட்டார். மதுரையில் ஒரு பேராசிரியர் அந்தக் காட்சியைத்தான் பெரிதாகப் பாராட்டினார்.

மர்ஜானா கல்லூரிப் பரீட்சை எப்போது? என் துஆவைச் சொல்.

ஹாரூன்


கோவில்பட்டி
06.04.2025

அண்ணனுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. மதினி உப்பைக் குறைக்கட்டும்.

புத்தகத்தை முடித்துவிட்டேன். நாலு நாடாவையும் உருவி மேஜை மேல் வைத்திருக்கிறேன். வரிசையாகக் கேட்கிறேன், பதில் சொல்.

நாலு சபுராவில் நான் எங்கே? ஒருத்தி சம்மதம் என்கிறாள், ஒருத்தி பேசவில்லை, ஒருத்தி தவணை கேட்கிறாள், ஒருத்தி வேண்டாம் என்று சொல்லித் தப்பித்துவிடுகிறாள். வேண்டாம் என்று சொல்லியும் கையெழுத்துப் போட்டவள் எங்கே? ஆயிரத்து நாற்பது பக்கத்தில் நடக்காத வாழ்க்கையாகப் பார்த்து நாலு எழுதியிருக்கிறாய். நடந்ததற்கு இடம் இல்லையா? மற்றவர்கள் மறந்துபோவார்கள். நீ மறக்க முடியாதே, அந்த அறையில் நீதானே இருந்தாய்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிவப்பிலும் மஞ்சளிலும் நீலத்திலும் அண்ணன்காரன் மாப்பிள்ளையின் தாய்மாமா எடுத்துக் கொடுத்த விசாவில் ஷார்ஜா போகிறான், பிறகு எழுத்தாளன் ஆகிறான். பச்சையில் மட்டும் அவன் ஊரிலேயே அத்தாவின் குடைக்கடையில் உட்கார்ந்துவிடுகிறான். தங்கை வேண்டாம் என்றால் அவனுக்கு விசா இல்லை.

நிஜத்திலும் உன் விசா ரபீக்கின் தாய்மாமா எடுத்ததுதான். நிக்காஹ் முடிந்து நாலாவது மாசம் நீ விமானம் ஏறினாய். இதை நான் இத்தனை வருஷம் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீ வெளியே போய் அத்தாவிடம் சொன்னாயா? ஆமா, இல்லை, ரெண்டில் ஒரு வார்த்தை போதும்.

ஷாஹினா


சென்னை
09.06.2025

அன்புத் தங்கைக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து. பதில் எழுத ரெண்டு மாசம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். நாவலுக்கு ஒரு விருது அறிவித்திருக்கிறார்கள், அது சம்பந்தமான கூட்டம், பேட்டி என்று நிற்க நேரமில்லை. மேடையில் உன் நாடா விஷயத்தைச் சொன்னேன், கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மர்ஜானாவுக்கு ஒரு சுடிதார் அனுப்பியிருக்கிறேன், அளவு சரியாக இருக்கிறதா என்று சொல்.

நீ கேட்டதைப் பற்றி நேரில் பேசலாம். கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை.

ஹாரூன்


கோவில்பட்டி
22.06.2025

அண்ணன் அவர்களுக்கு,

ஸலாம். சுடிதார் அளவு சரியாக இருந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ரெண்டு மாசம் நீங்கள் ஒரு வார்த்தை எழுதாததால் நான் செய்யது அலி மாமாவைப் பார்க்கப் போனேன். எண்பத்தொரு வயதாகிறது, கண் மங்கிவிட்டது, ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது மாமா என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ஒங்க அண்ணன் உள்ளருந்து வந்தாம்மா. என்னலே, புள்ள சொல்லிட்டாளான்னு கேட்டேன். ஒரு நிமிசம் மாமான்னான். தண்ணி டிரம்முகிட்டப் போயி ரெண்டு தம்ளர் தண்ணி குடிச்சான். அங்கனயே செத்த நேரம் நின்னுக்கிட்டிருந்தான். மறுபடி உள்ள போயிட்டான். ஒங்க அத்தா மேடையில நிக்காஹ் ஓதுற அசரத்து பக்கத்துல இருந்தாவ. இவன் மேடப் பக்கமே போகலயே. அப்புறம் வந்து சம்மதம்னு சொன்னான். ஒங்க அத்தாவுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.”

ஆக, அத்தாவுக்குத் தெரியவே தெரியாது.

நம் வழக்கத்தில் பெண்ணிடம் ஆளனுப்பி எதற்குக் கேட்கிறார்கள்? அவள் மனசில் இருப்பது சபைக்கு வர வேண்டும் என்றுதானே? அவள் ஒருத்தி சொல்வதற்காக ஊரே சாப்பிடாமல் காத்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கொடுத்துவிட உங்களைவிட வேறு ஆள் எனக்கு அன்றைக்கு இல்லை. அதை நீங்கள் தண்ணி டிரம் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தீர்கள்.

அதைக்கூட விட்டுவிடுவேன். இருபத்து நாலு வயசு, வெளிநாடு போகிற ஆசை. ஆனால் 2018-இல் அத்தா மவுத்தான அன்று நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். மையித்தை எடுப்பதற்கு முன்னால், இவர் யாருக்கேனும் குற்றங்குறை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். எல்லாரும் பொறுத்துக்கிட்டோம் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போதாவது என் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜனாஸாவைத் தூக்குகிறவரைக்கும் நேரம் இருந்தது.

ஒன்றும் செய்யாத மனுஷரைப் பதினேழு வருஷம் வாசலில் நிறுத்திவைத்தேன். நானும் ஒரு தடவை நேராகக் கேட்டிருக்கலாம், கேட்காதது என் தப்புத்தான். ஆனால் கேட்காதே என்று சொன்னது யார்?

ஷாஹினா ரபீக்


சென்னை
03.08.2025

ஷாஹினா,

அஸ்ஸலாமு அலைக்கும். ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நான் சொல்லவில்லை. மாமா சொன்னது அத்தனையும் உண்மை. வெளியே வந்தபோது சொல்லத்தான் நினைத்தேன். மண்டபம் நிறைய ஜனம். ரபீக்கின் தாய்மாமா முன்வரிசையில் இருந்தார், என் பாஸ்போர்ட் அவர் கையில் இருந்தது. இப்போது சொன்னால் எல்லாம் போச்சு என்று தோன்றியது. கொஞ்ச நாளில் நீ சமாதானமாகிவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ அத்தாவை அப்படி ஒதுக்கிவைப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. தெரிந்தபோது நான் ஷார்ஜாவில் இருந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

உனக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தா கடைசியாகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருந்தார்களே, அப்போது என்னைக் கிட்டக் கூப்பிட்டு, “ஏலே, ஷாஹினாவுக்கு நான் என்ன குறை வச்சேன்னு தெரியல. எங்கிட்டதான் பேச மாட்டேங்கா. நீயாவது கேட்டுச் சொல்லு” என்றார்கள். நான் சரி என்றேன். மறுநாள் காலையில், “கேட்டேன் அத்தா, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லங்கா” என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்கவே இல்லை.

அத்தா எப்படி நடந்துகொண்டிருப்பார்கள் என்று யோசித்து யோசித்துத்தான் பச்சைப் பகுதியை எழுதினேன். நான் சொல்லியிருந்தால் நிச்சயமாக அப்படித்தான் செய்திருப்பார்கள். நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் புத்தகத்தை உனக்கு அனுப்பினேன். நீயே கண்டுபிடிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன் போல.

இரண்டு காரியம் செய்ய நினைக்கிறேன். ஒன்று, இந்த மாசம் ஊருக்கு வந்து மையவாடிக்குப் போய் அத்தா கபர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்கிறேன். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லையே, நீ சொல்ல வேண்டியது எதுவோ அதையும் உன் சார்பில் நானே சொல்லிவிட்டு வருகிறேன். இரண்டாவது, அடுத்த பதிப்பில் ஐந்தாவது சபுராவையும் எழுதிச் சேர்க்கிறேன். நடந்தது நடந்தபடி. பதிப்பாளர் சம்மதித்துவிட்டார். உன் சம்மதம் மட்டும் வேண்டும்.

என்னை மன்னிப்பாயா?

ஹாரூன்


கோவில்பட்டி
12.08.2025

ஹாரூன் அண்ணன் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தை உங்கள் மச்சானிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. மாமனாரோடு நான் பேசாததற்கு ஏதோ நகை விஷயம் காரணம் என்று நினைத்திருந்தாராம். படித்துவிட்டு ரொம்ப நேரம் சட்டைகளை மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப அன்னைக்கு ஒனக்கு என்னைப் பிடிக்கலியா?” என்று கேட்டார். “அன்னைக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். இன்னைக்குக் கேட்டா வேற சொல்லுவேன்” என்றேன். “இன்னைக்குக் கேக்கேன்” என்றார். அந்த மனுஷர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபத்து நாலு வருஷம் சந்தோஷமாக இருந்த ஆளையும் நீங்கள் உட்கார்த்தி வைத்து யோசிக்கவைத்துவிட்டீர்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன். அத்தா கேட்டுச் சொல்லச் சொன்னார்களா? நான் வராந்தா பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தேன், பத்து எட்டு வைத்தால் வந்துவிடலாம். அவர்களும் உங்களைத்தான் நம்பினார்கள். என் பேரில் அவர்களுக்கும் ஒரு பதில் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் ரெண்டு பேரையும் ஒரே மாதிரி ஏமாற்றியிருக்கிறீர்கள்.

மையவாடிக்கு நீங்கள் வர வேண்டாம். என் சார்பில் நீங்கள் அத்தாவிடம் போனது போதும்.

நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு உங்கள் மச்சான் வண்டியில் என்னைக் கூட்டிப்போனார். நான் உள்ளே போகவில்லை. ஓடைப் பக்கம் சுற்றுச்சுவர் இடுப்பளவுதான் இருக்கிறது. அங்கே நின்றால் அத்தா கபர் தெரிகிறது. நல்ல காற்று, உழுது போட்ட கரிசல் புழுதி கண்ணில் அடித்தது. சத்தமாகத்தான் பேசினேன். “அத்தா, நான் வேண்டாம்னு சொன்னேன், அது ஒங்ககிட்ட வரல. நீங்கதான் கட்டாயப்படுத்துனீகன்னு நெனச்சேன். ஒங்ககிட்ட நான் பொறுக்கதுக்குக் குத்தமே இல்ல. நீங்கதான் என்னப் பொறுத்துக்கிடணும்.” இன்னும் நிறையச் சொன்னேன். அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?

மன்னிப்பு கேட்டிருக்கிறீர்கள். தெரியவில்லை. பொய் சொல்ல மனசு வரவில்லை, அதனால் தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

ஐந்தாவது சபுராவை எழுத என் சம்மதம் கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: சம்மதம் இல்லை. அவள் என்னோடு இருக்கட்டும், அவளுக்கு உங்கள் புத்தகத்தில் வேலை இல்லை.

இது வெளியே போகும்போது மாறிவிடக் கூடாது என்பதால் ரெண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று உங்கள் பதிப்பாளருக்கு. செய்யது அலி மாமாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். அவரே கையெழுத்துப் போட்டார்.

ஷாஹினா

சாட்சிகள்:
1. அ. செய்யது அலி
2. கா. முகம்மது ரபீக்